ஜன்னல் சட்டத்தில் மூன்று துளைகள்

நங்கநல்லூர் வீட்டின் முன்னறை ஜன்னலில், இடதுபக்கச் சட்டத்தின் கீழ்மூலையில் மூன்று துளைகள் இருக்கின்றன. முதல் துளை 1992இல் தொலைபேசிக்காகப் போட்டது. இரண்டாவது 1994இல் கேபிள் டிவிக்கு. மூன்றாவது 2019இல் ஃபைபருக்கு. மூன்றையும் போட்டபோது நான் அந்த அறையில் இருந்தேன். முதல் இரண்டில் நாங்கள் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை, கிடைத்ததை வாங்கிக்கொண்டோம். மூன்றாவதை நானும் தம்பியும் ஒரு வாரம் அலசி ஆராய்ந்து தேர்ந்தெடுத்தோம். அதுதான் தவறாகப் போனது. இப்போது பல வீடுகளிலும் பெற்றோருக்கான இணைப்பை வெளியூரில் இருக்கும் பிள்ளைகள்தான் முடிவு செய்கிறோம். அதனால் எங்கள் கதையை எழுதிவைப்பது யாருக்காவது உதவும் என்று தோன்றுகிறது.

அப்பா பள்ளித் தலைமையாசிரியர். 1986இல் தொலைபேசிக்குப் பதிவு செய்தார். பெயர் வர ஆறு வருடம் ஆயிற்று. அப்போது தொலைபேசி என்றால் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஒன்றுதான்; பி.எஸ்.என்.எல். என்ற பெயரே 2000 அக்டோபரில்தான் வந்தது. லைன்மேன் வாசல் கம்பத்தில் ஏணி சாய்த்து ஏறி, கறுப்பு ஒயரை இழுத்துவந்து, கையால் சுற்றும் டிரில்லை வைத்து ஜன்னல் சட்டத்தைத் துளைத்தார். தேக்குத் தூள் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. தெருமுனைவரை நிலத்துக்கடியில் கேபிள் வந்துவிடுகிறது, கம்பத்திலிருந்து ஜன்னலுக்கு இருபது அடிதான் மேலே ஒயர் என்று அப்பாவிடம் விளக்கினார். கருவியைப் பொருத்திக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. டயல் டோனை முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். ஒரே சுருதியில், தம்பூராவின் ஒற்றைத் தந்தியை நிறுத்தாமல் மீட்டுவதுபோல இருந்தது.

அன்று முதல் தெருவில் எட்டு வீடுகளுக்கு எங்கள் எண்தான் பி.பி. நம்பர். வேலை விண்ணப்பத்தில், கல்யாணப் பத்திரிகையில், ஆஸ்பத்திரிச் சீட்டில் எங்கள் எண்ணை எழுதிப் பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். போன் வந்தால் நானோ தம்பியோ செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் கூப்பிட்டு வருவோம். எதிர்வீட்டு அக்காவுக்கு வேலை கிடைத்த செய்தியும், கோடிவீட்டுத் தாத்தா கிராமத்தில் இறந்துபோன செய்தியும் அந்தக் கருவி வழியாகத்தான் எங்கள் தெருவுக்கு வந்தன. அப்பாவிடம் படித்த பிள்ளைகள் தேர்வு முடிவு தெரிந்ததும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். பின்னாளில் முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டு இலக்கம் ஆனபோதும், மற்ற இலக்கங்கள் மாறவில்லை.

கேபிள் வந்தது இரண்டு வருடம் கழித்து. 1993 ஏப்ரல் 14ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கியிருந்தது. தூர்தர்ஷனைத் தவிர வேறு எதையும் பார்த்தறியாத தெருவில் அது பெரிய பேச்சு. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் குடை வைத்து, மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் ஒயர் கட்டிக் கொண்டுவந்தார் ஓர் இளைஞர். அவரைக் கேபிள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மாதம் பிறந்ததும் சைக்கிளில் வந்து, காசை வாங்கிக்கொண்டு அட்டையில் கையெழுத்துப் போடுவார். படம் புள்ளிபுள்ளியாக வந்தால் அவர் வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

2003 செப்டம்பரில் கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை வந்தது. நான்கு பெருநகரங்களில் சென்னையில் மட்டும்தான் அது அப்போது உண்மையில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் குழப்பத்திலும் எந்த வீட்டுக்குப் பெட்டி வேண்டும், எந்த வீட்டுக்கு வேண்டாம் என்று வீடு வீடாக உட்கார்ந்து பேசினவர் அவர்தான்.

இணையம் வந்தபோது புதுத் துளை தேவைப்படவில்லை. 2005இல் பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் அறிமுகமானது. தம்பி அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். அதே செம்புக் கம்பி ஜோடியில்தான் பேச்சும் இணையமும். இரண்டையும் பிரித்துவிட ஒரு சின்ன ஸ்பிளிட்டர். வேகம் 256 கிலோபிட். அரசின் 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகமே அதுதான். எங்கள் திட்டத்தில் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. தம்பி அலாரம் வைத்து எழுந்து, இருட்டில் மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். போனை எடுத்தால் இணையம் அறுந்துபோகும் டயல்அப் காலம் அதோடு முடிந்தது. அம்மா பெரியம்மாவோடு பேசிக்கொண்டே இருக்கலாம். அவன் படித்துக்கொண்டே இருக்கலாம். ஒரே கம்பி இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

அந்தக் கம்பியின் அருமை எங்களுக்கு 2016 டிசம்பர் 12ஆம் தேதி புரிந்தது. வார்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்த நாள். நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தேன். மதியத்துக்குமேல் அப்பாவின் மொபைலும் அம்மாவின் மொபைலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றன. நகரமெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்துகிடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். வீட்டு எண்ணுக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று இரவு எட்டு மணிக்குத்தான் எனக்குத் தோன்றியது. இரண்டாவது மணியில் அப்பா எடுத்தார்.

"நாங்க நல்லா இருக்கோம்மா. வேப்பமரம் விழுந்துடுச்சு. கரண்ட் இல்லை. கேபிள் ஒயரெல்லாம் தெருவிலே கிடக்கு. போன் மட்டும் இருக்கு."

மின்சாரம் வர எங்கள் தெருவில் நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் முன்னறையில் மறுபடியும் பி.பி. காலம். பக்கத்து அடுக்ககத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காத்திருந்தார்களாம். அப்பா ஒரு நோட்டில் யாருக்கு யாரிடமிருந்து போன் வந்தது, என்ன சொல்லச் சொன்னார்கள் என்று எழுதிவைத்திருந்தார்.

அடுத்த வாரம் நான் போனபோது, மின்சாரமே இல்லாமல் இது எப்படி வேலை செய்தது என்று கேட்டேன். கம்பத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லைன்மேன்தான் விளக்கினார். செம்புக் கம்பியில் பேச்சு மட்டும் வருவதில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் அதே கம்பியில் வருகிறது. வீட்டில் மின்சாரம் இருந்தாலும் போனாலும் கருவிக்குக் கவலையில்லை. அதைக் கேட்டேன், வியந்தேன், மூன்று வருடத்தில் மறந்தேன்.

அப்பா 2018இல் காலமானார். அம்மா தனியானாள். கோயம்புத்தூருக்கு வா என்று நானும், பெங்களூருக்கு வா என்று தம்பியும் கூப்பிட்டோம். "இந்த வீட்டு விளக்கு ஏத்தணும்" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டணமுறை டிவிக்கு அமலானது. அப்போது நூறு சேனல் வரைக்கும் அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்கு அவற்றின் விலை தனி. ஒரு கட்டணச் சேனலைத் தொகுப்பில் சேர்க்கவேண்டுமானால் அதன் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது. வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கேபிள் அண்ணன் அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். தெருவில் பலர் எதற்கு வம்பு என்று தொகுப்பாக வாங்கிக்கொண்டார்கள். அம்மா ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

அந்த வாரம் நான் நங்கநல்லூரில் இருந்தேன். தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மா கணக்கு எழுதினாள். எந்த நேரம், எந்தச் சேனல், எவ்வளவு நேரம். ஏழு தாள்களையும் ஊசியில் கோர்த்து, எட்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். அவள் உண்மையில் பார்த்தது ஒன்பது சேனல்கள். அதில் நான்கு இலவசம். ஐந்துக்கு மட்டும் டிக் அடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "வருஷக்கணக்கா பார்க்காததுக்கெல்லாம் காசு கொடுத்திருக்கேன்" என்றாள். கேபிள் அண்ணன், இந்தத் தெருவில் இவ்வளவு தெளிவாகச் சொன்னது நீங்கள் ஒருவர்தான் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பாடம் என் கண்ணெதிரே, மேசைமேல் கிடந்தது. நான் அதைக் கேபிள் கணக்காக மட்டும் பார்த்தேன்.

அந்த வருடக் கடைசியில்தான் நானும் தம்பியும் முடிவெடுத்தோம். எல்லா நிறுவனங்களும் ஃபைபரைக் கொண்டு வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த சமயம். இணையம், தொலைபேசி, டிவி மூன்றும் ஒரே இணைப்பில், ஒரே பில்லில். தம்பி அட்டவணை போட்டான். ஒரு நிறுவனம் 50 எம்.பி.பி.எஸ்., இன்னொன்று 100, மற்றொன்று 150. ஒன்றில் ரௌட்டர் இலவசம், ஒன்றில் அதற்கு முன்பணம். ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் கூடுதல். விளம்பரத்தில் 999 என்று இருப்பது வரியோடு 1,178 ரூபாய் 82 காசு ஆகும் என்பதைக்கூட விடாமல் கணக்கில் சேர்த்தோம். மாதாந்திரத் தகவல் அளவு தீர்ந்தபிறகு வேகம் எவ்வளவாகக் குறையும் என்று சின்ன எழுத்தில் இருந்ததையும் படித்தோம். எங்களால் முடிந்த அளவு கவனமாகவே செய்தோம். 100 எம்.பி.பி.எஸ். திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

எங்கள் அட்டவணையில் இல்லாத வரிகள் மூன்று. மின்சாரம் போனால் என்ன ஆகும்? ஒயர் எந்த வழியாக வருகிறது, அறுந்தால் ஒட்ட யார் வருவார்? அப்பா காலத்து எண் என்ன ஆகும்?

எண்ணைப் பற்றி அம்மா கேட்டாள். "லைனை எடுத்தா இந்த நம்பர் போயிடுமா?" மொபைல் எண்ணை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நிறுவனம் மாறிக் கொண்டுபோகலாம். அதே நினைப்பில், இதற்கும் ஏதாவது வழி இருக்கும் என்றேன். விசாரித்தபோது லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை என்று தெரிந்தது. "எல்லாருக்கும் புது நம்பரைச் சொல்லிட்டாப் போச்சு" என்று தம்பி சொன்னான். நானும் சரி என்றேன். அம்மா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, கருவியைத் துணியால் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். 27 வருடமாக இருந்த எண் அன்று முடிந்தது.

மூன்றாவது துளையை மின்சார டிரில் நான்கு நொடியில் போட்டது.

நியாயமாகச் சொல்லவேண்டும்: அந்த இணைப்பு இல்லாமல் அடுத்த வருடத்தைக் கடந்திருக்க முடியாது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. எங்களால் சென்னைக்குப் போக முடியவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு அம்மா டேப்லெட்டைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துக்கொள்வாள். நான் என் சமையலறையில் இருந்தபடி பேசுவேன். பேரனுக்குத் தமிழ் எழுத்துகளை அம்மா வீடியோவிலேயே சொல்லிக்கொடுத்தாள். அவன் ழகரத்தைச் சரியாகச் சொன்ன அன்று அங்கே தனியாகக் கைதட்டினாள். அந்த மாதங்களுக்காக அந்தக் கண்ணாடி இழைக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

முதல் சங்கடம் சின்னதுதான். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலைக் கூப்பிட எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடவேண்டும் என்று விதி மாறியது. அம்மாவுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. யாருக்குப் போட்டாலும் ஏதோ பதிவுசெய்த குரல் வருகிறது என்று இரண்டு நாள் போனைத் தொடாமலே இருந்திருக்கிறாள். நான் கூப்பிட்டபோது தெரிந்தது. "முன்னாடியா இருந்தா 198க்குப் போட்டுக் கேட்டிருப்பேன்" என்றாள். பழைய லைனில் புகார் சொல்லும் எண் அது.

பெரியது நவம்பரில் வந்தது. தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், 2021 நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு முழுக்கச் சென்னையில் கொட்டித் தீர்த்த மழை. காலையில் அம்மாவின் வீட்டு எண் மணியே அடிக்கவில்லை. வீட்டில் மின்சாரம் இல்லை. ஃபைபர் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் இணையம் கிடையாது. போனும் டிவியும் அதற்குள்தான். மொபைலுக்குப் போட்டேன். அந்த வீட்டின் தடித்த சுவருக்குள் சிக்னல் எப்போதும் நலிந்துதான் இருக்கும். வைஃபை வழியாகத்தான் மொபைல் அழைப்பே சரியாக வரும். வைஃபை போனதும் அதுவும் போயிற்று. மாடிக்குப் போய் நின்றால்தான் பேச முடியும். மழையில் எழுபது வயதில் மாடிப்படி ஏற நான் சொல்வேனா? அன்று சாயங்காலம் மொபைலில் சார்ஜும் தீர்ந்தது.

மறுநாள் மின்சாரம் வந்தது, இணைப்பு வரவில்லை. எங்கோ மரக்கிளை முறிந்து ஒயர் அறுந்திருந்தது. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தது; ஒளி வந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம். நான் கோயம்புத்தூரில் இருந்து செயலியில் புகார் பதிவு செய்தேன். ஒப்புதல் எண் அம்மாவின் மொபைலுக்குப் போனது. அம்மா மாடிக்குப் போனால்தான் அது வரும். வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்ற குரல். மூன்றாம் நாள், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று தம்பிக்குக் குறுஞ்செய்தி வந்தது. வீட்டுக்கு யாரும் வரவே இல்லை. அந்த மூன்று நாளில் நான் எத்தனை பேரோடு பேசினேன், எத்தனை முறை அழுதேன் என்று கணக்கு வைக்கவில்லை.

அன்று மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. கேபிள் அண்ணன். இப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. "தெருவிலே தண்ணி நிக்குதும்மா. அறுந்த கேபிளைப் பார்க்க வந்தேன், அம்மா வாசல்லே நின்னுட்டிருந்தாங்க. என் போன்லேர்ந்து பேசச் சொல்றேன்." அவரிடமிருந்த இணைப்பை இரண்டு வருடத்துக்குமுன் நாங்கள் துண்டித்திருந்தோம். என் எண் அவரிடம் எப்படி இருந்தது என்று பிறகு கேட்டேன். அப்பா மறைந்தபோது வாங்கி வைத்துக்கொண்டாராம்.

அம்மா பயந்த குரலில் பேசவில்லை. "ஒண்ணும் இல்லைடி. சாப்பாடு இருக்கு, தண்ணி இருக்கு. ஆனா வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றாள். செய்தி இல்லை, தொடர் இல்லை, பக்திப் பாட்டு இல்லை, மணிச் சத்தம் இல்லை. ஒரே ஒயரில் மூன்றையும் கட்டியதால் ஒரே அறுப்பில் மூன்றும் போயின. எனக்கும் தம்பிக்கும் இணைப்பு என்றால் வேகம். தனியாக இருக்கும் அம்மாவுக்கு அது வீட்டில் இன்னும் நாலு பேர் இருப்பதுபோல. ஐந்தாம் நாள் ஆள் வந்து இழையை ஒட்டிக்கொடுத்தார். அவர் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்ததாம். அம்மா அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினாள்.

முன்கூட்டிக் கட்டிய ஆறு மாதம் முடியக் காத்திருந்தோம். 2022 மார்ச்சில் மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். தம்பி மறுபடி அட்டவணையைத் திறந்தான். "அதை அப்புறம் பார்க்கலாம்டா" என்று சொல்லிவிட்டு அம்மா காலண்டர் தாளை எடுத்தாள். ஒரு வாரம். இந்தத் தடவை டிவி மட்டும் இல்லை; போன், இணையம் எல்லாம்.

அந்த ஏழு தாள்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இணையம் ஒரு நாளைக்கு இரண்டு மணிநேரம்: பேரனோடு வீடியோ, மின்கட்டணம், கோலமும் பூத்தொடுப்பும் சொல்லிக்கொடுக்கும் காணொளிகள். நல்ல தெளிவான படத்துக்கே ஐந்தாறு எம்.பி.பி.எஸ். இருந்தால் போதும்; 100 எம்.பி.பி.எஸ். நாங்கள் விடுமுறைக்குப் போகும்போது எங்களுக்குத்தான் தேவை. டிவி ஐந்து மணிநேரம். போனில் வாரத்துக்கு 23 அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் என்று எழுதியிருந்தாள். சனிக்கிழமைத் தாளின் அடியில் ஒரு வரி தனியாக இருந்தது: "அப்பாவைத் தெரிஞ்சவங்க யாரும் இந்த வாரமும் கூப்பிடலை."

நான் அந்த வரியைத் தம்பியிடம் காட்டினேன். அவன் கணினியை மூடிவைத்துவிட்டான்.

பிறகுதான் வேலை சரியாக நடந்தது. வீட்டில் எதை யார் எவ்வளவு நம்பியிருக்கிறார் என்று முதலில் பார்த்தோம். எது அறுந்தால் எது மிஞ்சவேண்டும் என்று அடுத்து. விலையையும் வேகத்தையும் கடைசியில் பார்த்தோம். டிவியை ஃபைபரிலிருந்து பிரித்து மறுபடி கேபிள் அண்ணனிடம் கொடுத்தோம். ஒயர் அறுந்தாலும் ஒன்றாவது ஓடும். இணையத்துக்கு 50 எம்.பி.பி.எஸ். போதும் என்று முடிவு செய்து, அந்தத் தெருவில் பராமரிப்பாளரை நேரில் பார்க்கக்கூடிய நிறுவனமாக எடுத்தோம். ஒயர் எந்தக் கம்பம் வழியாக வருகிறது, எந்த மரத்தைத் தொடுகிறது என்று அவரோடு தெருமுனைவரை நடந்து பார்த்தேன். ஆறு மாதக் கட்டணத்தை மறுத்து மாதாமாதம் கட்டுவதாகச் சொன்னோம். ரௌட்டர் யாருடையது, இணைப்பை நிறுத்தினால் எத்தனை நாளில் முன்பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்கினோம். ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்துச் சின்ன யூ.பி.எஸ். ஒன்று பொருத்தினோம். அது இரண்டு மூன்று மணிநேரம் தாங்கும்.

தொலைபேசிதான் கடினமாக இருந்தது. பழைய செம்பு லைன் திரும்பக் கிடைக்குமா என்று விசாரித்தேன். எங்கள் பகுதியில் புதிதாகக் கொடுப்பதெல்லாம் ஃபைபரில்தான் என்றார்கள். பழைய எண்ணும் வராது. அம்மாவுக்கு மேசைமேல் இருக்கும் கருவிதான் பழக்கம். மணியடித்தால் கண்ணாடியைத் தேடாமல் எடுக்கவேண்டும். சிம் கார்டு போட்டுப் பேசும் மேசைத் தொலைபேசி கடையில் கிடைத்தது. உள்ளேயே பேட்டரி, மின்சாரம் போனாலும் பேசும். எந்த நிறுவனத்து சிம் என்று முடிவு செய்ய, அக்கம்பக்கத்தில் மூன்று பேரிடம் போனை இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் சமையலறையிலும் பூஜையறையிலும் வைத்துப் பார்த்தோம். சுவருக்குள் சிக்னல் நின்ற நிறுவனத்தை எடுத்தோம். அது மொபைல் எண் என்பதால் நாளைக்கு வேறு நிறுவனத்துக்குப் போனாலும் எண் கூடவே வரும். இதை அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் கேட்டுக்கொண்டாள்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பழைய ஒற்றை பில்லைவிட மாதம் 180 ரூபாய் கூடுதல். நாங்கள் கொடுத்த பணத்திலேயே ஆக அர்த்தமுள்ள 180 ரூபாய் அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கேபிளும் ஃபைபரும் போயின. மேசைத் தொலைபேசி முதல் நாள் முழுக்கப் பேசியது. இரண்டாம் நாள் கோபுரத்துக்கும் மின்சாரம் போய் நின்றது. எதுவும் எப்போதும் அறாமல் இருக்காது. ஆனால் அந்த முதல் நாளுக்குள் அம்மா பேசவேண்டிய எல்லோரிடமும் பேசி, இனி கொஞ்ச நேரம் பேச முடியாமல் போகலாம், பயப்படாதீர்கள் என்று சொல்லிவைத்திருந்தாள்.

புது எண் வந்த அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அம்மா பீரோவிலிருந்து அப்பாவின் டெலிபோன் டைரியை எடுத்துவந்தாள். பச்சை அட்டை, அ முதல் வரிசையாகப் பெயர்கள், அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் போட ஆரம்பித்தாள். பல எண்கள் உபயோகத்தில் இல்லை. சில எண்களில் வேறு யாரோ எடுத்தார்கள். சிலர் இல்லை என்று அவர்கள் வீட்டார் சொன்னார்கள். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அந்தப் பெயருக்கு எதிரே தேதி போட்டாள். கிடைத்தவர்களிடம் ஒரே வாக்கியம்: "சார் வீட்டு நம்பர் மாறிடுச்சு, எழுதிக்கோங்க."

பதினோரு நாளில் டைரி முடிந்தது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நான் அங்கே இருந்தபோது மணி அடித்தது. அப்பாவிடம் எண்பதுகளில் படித்த ஒருவர். இரண்டு வருடமாகப் பழைய எண்ணுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாராம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதைச் சொல்ல, அப்போது முயன்று கிடைக்காமல் போனதாம். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அன்றைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.